பன்றித் தொழுவத்தின் தாழ்ப்பாள்

போர் முடிந்து அமெரிக்கர்களின் முகாமிலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பியபோது, ஜப்பானின் ஒகினாவா தீவில் எங்கள் ஊர் இருந்த இடத்தில் ஒரு சுவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. சோயாப் பாலில் செய்யும் டோஃபு கட்டியை விற்றுப் பிழைத்த மகதேயின் புருஷன் போரில் செத்துப்போனான். ஒரு பெண் குழந்தை மட்டும் மிச்சம். கிழங்கு நடத் தோண்டியபோது அவள் மண்வெட்டி ஒரு ஜாடியில் தட்டியது. அதற்குள் பட்டுத்துணியில் சுற்றிய, மூன்று தந்தி கொண்ட சன்ஷின் வாத்தியம். அதன் குடத்தில் போர்த்திய பாம்புத்தோல் மக்கிக் கிழிந்திருந்தது; கருங்காலித் தண்டு மட்டும் கெட்டியாக இருந்தது.

செத்துப்போன யாருடையதோ என்று நினைத்துக்கொண்டாள். ஜாடியில் பன்றிக்கொழுப்பு ஊற்றி வைத்தாள். துணி குழந்தைக்குச் சட்டையாயிற்று. தண்டு பன்றித் தொழுவத்துக்குத் தாழ்ப்பாளாயிற்று. வாத்தியத் தண்டென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தாழ்ப்பாளுக்கு வேறு கட்டை இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்துப் பாட்டுக்காரர் ஜஹானா சோகென் வந்தார். அவர் பாட்டு தெரியாத வீடு எங்கள் தீவில் கிடையாது. மகதேயே பன்றிக்குத் தீனி வைக்கும்போது அவர் பாட்டைத்தான் முணுமுணுப்பாள்.

"போர் நேரத்துல இந்தப் பக்கம்தான் என் வீடு இருந்துச்சு. ஒரு ஜாடி புதைச்சு வெச்சேன். கண்ணுல பட்டுச்சாம்மா?"

 அவள் வாய் திறப்பதற்குள் அவர் பார்வை தொழுவத்தின் மேல் விழுந்துவிட்டது. தாழ்ப்பாளை உருவி, அழுக்கைத் தன் சட்டையிலேயே துடைத்தார். அவள் மண்ணில் தலைபட விழுந்தாள். அவரோ சிரித்தார்.

"எழுந்திரு தங்கச்சி. பன்னி தப்பி ஓடாம பாத்துக்கிச்சே, நல்ல தண்டுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தவளுக்கு அந்தச் சிரிப்பு ஆறுதலாகத்தான் இருந்தது, அப்போதைக்கு.

அவர் தண்டுக்குப் புதுத்தோல் போட்டு மறுபடி மேடை ஏறினார். ஒவ்வொரு மேடையிலும் முதல் பாட்டுக்கு முன் இந்தக் கதை. ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு வானொலியிலும் சொன்னார். அவள் பெயரைச் சொல்லவில்லை, ஊர்ப் பெயரைச் சொன்னார். அது போதாதா?

"மகதே அக்கா, இன்னைக்கு டோஃபுவைக் கிளற எந்தப் பாட்டுக்காரர் தண்டு?" என்று சந்தையில் கேட்டார்கள். வருஷங்கள் ஓடி, குழந்தை வளர்ந்ததும் பெண் பார்க்க வந்த வீட்டார், "ஓ, தாழ்ப்பாள் மகதேயோட பொண்ணா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் நின்றது வேறு காரணத்தாலும் இருக்கலாம். மகதே அப்படி நினைக்கவில்லை. சந்தைக்குச் சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தாள்.

பக்கத்து ஊரில் கச்சேரி என்று தெரிந்ததும் கொட்டகையின் பின்வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கே நாலு அறை அறைஞ்சிருக்கலாம். அப்போ சிரிச்சு விட்டுட்டு, ஊர் ஊரா என்னை இழுத்துட்டுப் போறீங்களே."

"சிரிக்கத்தானே தங்கச்சி சொன்னேன். உன்னைக் கேவலப்படுத்தவா?"

"சிரிக்கிறாங்க. என் பொண்ணைப் பாத்தும் சிரிக்கிறாங்க."

சோகென் வாத்தியத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். 

"அந்த ஜாடியில அரிசி இருந்துச்சு," என்றார். "அதைக் கொட்டிட்டுத்தான் இதை வெச்சேன். குழி தோண்டின நேரத்துல அரிசியை மூட்டை கட்டியிருக்கலாம். கட்டல. குண்டுக்குப் பயந்து ஒளிஞ்ச குகையில எங்கம்மா பசியில செத்துப்போனா. உன் கதையைச் சொன்னா ஜனங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ஜாடியில முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

 மகதே கூடையில் மிஞ்சியிருந்த டோஃபுவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

அன்று மேடையில், "பன்னிக் கதை சொல்லுங்க" என்று கூட்டம் கத்தியது. "அது என் கதை இல்ல," என்று சொல்லிவிட்டு நேராகப் பாட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அதைச் சொன்னதே இல்லை. ஊர் மட்டும் விடவில்லை. சாகும்வரை அவள் தாழ்ப்பாள் மகதேதான்.

இப்போது அந்த சன்ஷின் நகர மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை அங்கே வைத்த அன்று உயிரோடு இருந்த மகதேயையும் விழாவுக்கு அழைத்தார்கள். பெண்ணோடு வாசல்வரை வந்தவள், செருப்பைக் கழற்றினாள், பிறகு மறுபடி மாட்டிக்கொண்டாள். "நீ போய்ப் பாத்துட்டு வா," என்று பெண்ணை மட்டும் உள்ளே அனுப்பினாள்.