பலகைக்கு மட்டும் டேப் இல்லை

என் அக்கா சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். நாற்பது அடுக்குத் துணியை விரித்து மெஷின் கத்தியை ஓட்டினால் ஒரு நூல் பிசகாது. அங்கே அவளுக்குக் கத்திரி என்று பெயர். செஸ் பலகையிலும் அவள் கத்திரிதான். எதிராளியின் ராஜா காவல் இல்லாமல் நிற்பது தெரிந்துவிட்டால் போதும், தன் ராணியே போனாலும் போகட்டும் என்று பாய்வாள். இருபது மூவுக்கு மேல் என்னை உயிரோடு விட்டதில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போனால், பின்னாலேயே வந்து நான் ஏன் தோற்றேன் என்று விளக்கம் வேறு சொல்வாள்.

அதே கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர் மாமா. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் அவளிடம் தோற்பார். ஒருநாள் பாவம் பார்த்து ஒரு யானையை அவள் விட்டுக்கொடுக்க, அவர் காய்களை அப்படியே டப்பாவில் கொட்டிவிட்டார். "தோக்கறது என் பாடு. நீங்க ஒழுங்கா அடிங்க, போதும்" என்றாராம். அந்தப் பேச்சில்தான் அவள் மயங்கியிருக்க வேண்டும், வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனையும் அதுதான்.

போன வருடம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, தடியை ஊன்றி நடையும் திரும்பியது. கண்ணில் கோளாறு இல்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது என்றார் டாக்டர். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். பாதி முகத்தைச் சவரம் செய்துகொண்டு வெளியே கிளம்புவார். வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபி அம்மா தட்டு, கண்ணாடி, மேஜை எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டினார். கையால் தடவி அந்த டேப்பைத் தேடிப் பிடித்து, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அதுதான் பயிற்சி.

செஸ் பலகைக்கு மட்டும் டேப் இல்லை. அந்த அம்மா வரும் நாளில் அக்கா அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள்.

மாமா பழைய பழக்கத்தில் ராஜாவை இடது மூலைக்குக் கொண்டுபோய் வைப்பார். வைத்த கையோடு மறந்தும்போவார். அவருடைய படையெல்லாம் வலது பக்கம் போய்விடும். ராஜாவுக்கு முன்னால் ஒரே ஒரு சிப்பாய் மிஞ்சும். அக்கா அந்தப் பக்கம் போகவே மாட்டாள். வலது பக்கமாகவே ஆடித் தோற்பாள். "இப்பதான் எனக்கு ஆட்டம் பிடிபடுது" என்பார் மாமா. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

அன்று கைப்பழக்கத்தில் அவளுடைய ராணி மாமாவின் ராஜாவுக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டது. பின்னால் அவள் யானையும் துணைக்கு இருந்தது; அந்தச் சிப்பாயை அடித்தால் ஆட்டம் முடிந்தது. அடிக்காமல் எட்டு மூவ் ஓட்டினாள். அந்த நேரம் பார்த்து பிசியோதெரபி அம்மா ஒருநாள் முன்னதாக வந்து நின்றார்.

"இதுக்கு ஏம்மா டேப் ஒட்டல?" என்று கேட்டபடி அவரே ஒட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய?

மாமாவின் வலது கை பலகை விளிம்பில் ஊர்ந்துபோய் டேப்பைத் தொட்டது. தலை மெதுவாகத் திரும்பியது.

"உன் ராணி எப்பலேர்ந்து இங்க நிக்குது?"

"இப்பதான் மாமா வந்துச்சு" என்றேன் நான்.

"உன்னைக் கேக்கல."

"எட்டு மூவா நிக்குது" என்றாள் அக்கா.

"இந்த ஆட்டம் மட்டுமா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து."

மாமா அந்தச் சிப்பாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அடி" என்றார்.

"வேணாங்க."

"அடின்னு சொல்றேன்ல."

அடித்தாள். "செக்மேட்" என்ற சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் மாமாவின் தலை வலது பக்கமே திரும்பியிருந்தது.

"எங்க? என் ராஜா எங்க?"

நிஜமாகவே தேடினார். அக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து டேப் வரை கொண்டுபோனாள். தடவி ராஜாவைக் கண்டுபிடித்து, அவரே படுக்கவைத்தார்.

"காயை அடுக்கு. இந்தத் தடவை இடது பக்கமா வா."

அடுக்கினாள். பன்னிரண்டாவது மூவில் தோற்றார். மறுபடி அடுக்கச் சொன்னார். ஒன்பதாவது மூவில் தோற்றார். மூன்றாவது தடவை அவள் காய்களை எடுத்தபோது நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.