சாயங்கால பஸ்ஸில் வருமா?

சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் நுனி அளவுள்ள உலோக மூடியை எடுத்தார் சிக்கந்தர். நாலாவது கம்ப்யூட்டரின் பின்னால் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் மூடியைத் திருகினார். முதல் நான்கு திரைகளும் உயிர் பெற்றன. "அப்ப சீக்கு அந்தப் பக்கம்" என்று மற்ற நான்கையும் பார்த்துச் சொல்லிவிட்டு, மேஜைக்கடியில் நுழைந்தார்.

ஏற்காடு கடைத்தெருவுக்கு டி.வி. கேபிள் இழுத்தவர் அவர். மாடியிலிருக்கும் பயிற்சி நிலையத்தின் எட்டு கம்ப்யூட்டர்களையும் தொண்ணூற்று மூன்றில் ஒரே கறுப்பு ஒயரில் கோத்தவரும் அவரே. ஒயரின் இரு முனையிலும் ஒவ்வொரு மூடி இருந்தால்தான் ஓடும். நடுவில் எங்கே கழன்றாலும் எட்டும் நின்றுவிடும். டி.வி. ஒயரும் அதே கறுப்பு, ஏறக்குறைய அதே தடிமன். முதலில் அதையே போட்டுவிட்டு, மூன்று நாள் கம்ப்யூட்டர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எந்தச் சாமானையும் ஒரே கேள்வியால்தான் எடைபோடுவார்: "கெட்டுப்போனா, சாயங்கால பஸ்ல வருமா?" எஸ்டேட் ஆபீஸ் ஒன்றில் பெங்களூர்க்காரர்கள் வளையமாக இணைக்கும் வேறொரு முறையைப் போட்டுக் கொடுத்தார்கள். "அது நொம்ப ஒசத்தி" என்று அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் அதில் ஒயர் சொருகும் கார்டு ஒன்று கெட்டபோது மாற்று வரப் பதினோரு நாளாயிற்று. கறுப்பு ஒயரின் மூடியோ, சேலத்தில் வாங்கி கண்டக்டர் பையில் போட்டால் மலையேறிவிடும். அவருக்கு அதுவே தீர்ப்பு.

"என்னையப் பொண்ணு பாத்தப்பவும் சேலம் பஸ்ல வருமான்னுதான் கேட்டாருங்க" என்பாள் மனைவி ரஹமத் பீவி.

"பின்ன? வந்தியில்ல?"

பயிற்சி நிலைய டீச்சர் பாவாயி, மலையிலேயே உள்ள வாழவந்தி கிராமத்துக்காரி. தன் வீட்டின் முதல் பட்டதாரி. நடுவில் ஹப் என்று ஒரு பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ஒயர் என்று ஆறு மாதமாகக் கேட்டுவந்தாள்.

"ஊட்டுக்கு ஊடு தனி ரோடு போடுவாங்களா, டீச்சரம்மா?" என்று சிரித்துத் தள்ளிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரித் தேர்வு நடக்கும்போது மாணவி குப்பாயியின் கால் ஒயரில் பட்டது. எல்லாத் திரைகளும் உறைந்தன. ஏழு மாணவிகளும் எழுதியது போயிற்று. அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏனுங்க பாய், வெள்ளிக்கெழம பரீட்சைங்க. ஒருத்தி கால ஆட்டுனா ஏழு பேரும் பெயிலாகணுங்களா?"

மேஜைக்கடியில் குனிந்து கேட்டாள் பாவாயி.

மறுநாள் அவரே சேலத்துக்கு இறங்கினார். ஹப் விற்கும் கடைகளை எண்ணினார்: ஐந்து. முதல் இரண்டு கடைகளில் மூடியும் கேட்டுப் பார்த்தார். "இன்னும் அதையா போடறீங்க?" என்றார்கள். மூன்றாவது கடையில் மூடி கேட்கவில்லை.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கார்டுகளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "எது செயிக்கும்னு கம்பெனிக்காரனுக்கே தெரியல. ரெண்டு ஒயருக்கும் ஓட்டை வெச்சிருக்கான் பாருங்க." தான் போட்ட கறுப்பு ஒயரைத் தானே உருவிச் சுருட்டினார். மாலைக்குள் எட்டுத் தனி ஒயர்கள் ஹப்பில் சேர்ந்தன. மாணவிகள் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள்.

யாரிடமும் சொல்லாமல், குப்பாயியின் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஐயோ, பாய்!"

சிக்கந்தர் அவள் பக்கம் திரும்பவில்லை. மற்ற ஆறு பேரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட நிற்கவில்லை. பழக்கத்தில் அவர் கை சட்டைப்பைக்குள் போயிற்று, மூடியைத் தொட்டது, அதை எடுக்காமலே வெளியே வந்தது.