கருப்பு வயர் போகும் இடம்

காவேரி வடக்குப்பட்டுக்காரி. கார்களுக்கு வயர்க் கட்டு செய்கிற கம்பெனியில் வருஷக்கணக்காக வேலை. பலகையில் வயரை ஓட்டி, டேப் சுற்றி, நுனியில் வளையம் மாட்டி அனுப்புவாள். வளையத்தில் துளி அழுக்கு தெரிந்தாலும் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிட்டுக் கத்துவார். இத்தனைக்கும் அந்த வயர் காருக்குள் எங்கே போகிறது, என்ன செய்கிறது? யார் கண்டது! பெட்டியில் போட்டால் இவள் வேலை முடிந்தது.

அவள் புருஷன் லோகேஷ், ஒரகடத்துக் கம்பெனிப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காரன். வண்டி ஓடத் தகுதி என்று ஆர்.டி.ஓ. தருகிற எஃப்.சி.க்குக் காட்டும் முன் எல்லோரும் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். இவன் ஒருபடி மேல். பானெட்டைத் திறந்து, போல்ட்டுகளைக் கழற்றி, அடியிலும் பெயிண்ட் பூசி மறுபடி மாட்டினான். அன்றைக்குப் பிடித்தது சனி. பேட்டரி இறங்கிக்கொண்டே போனது. புது பேட்டரி போட்டும் நடுரோட்டில் இரண்டு தடவை நின்றுவிட்டது. இன்னொரு தடவை நின்றால் டிரிப் வேறு வண்டிக்கு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

மண்ணூர் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த அருள்பாண்டி தூத்துக்குடிப் பக்கத்து ஆள். லீவு நாளாகப் பார்த்து லோகேஷோடு காவேரியும் அங்கே போனாள். அருள்பாண்டி இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"டைனமோ பதினாலு வோல்ட்டு குடுக்கு. பேட்டரிக்கு வந்து சேருறது பன்னெண்டுதான். நடுவுல எதுவோ முழுங்குது யக்கா."

காவேரி எட்டிப் பார்த்தாள். அதே டேப், அதே சுற்று, அவள் தினமும் கட்டுகிற கட்டு! பேட்டரியிலிருந்து கிளம்பிய கருப்பு வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். வளையம் வண்டித் தகரத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தது.

"இன்னாபா இது, தகரத்தோட முடிஞ்சிடுச்சி?"

"எங்க முடிஞ்சுது? வண்டித் தகரம் பூராவுமே வயருதான் யக்கா. கரண்டு இது வழியாத்தான் திரும்பி வரும்."

கூரை, கதவு, அவள் சாய்ந்து நின்ற மட்கார்டு, எல்லாமா? காவேரி சட்டென்று கையை எடுத்தாள். பிறகு மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"யோவ், பெயிண்டு மேலயா வளையத்தை வெச்சி முடுக்கினே?"

லோகேஷ் குனிந்து போல்ட்டைப் பார்த்தான்.

"பெயிண்டுல கரண்டு போவுமா? துளி அழுக்குக்கே எங்களைக் கிழிக்கிறாங்க. நீ டப்பாவையே கவுத்துக்கீறியே!"

அருள்பாண்டி சிரித்துக்கொண்டே இன்ஜினை நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளை நீட்டினான். காவேரியே வாங்கித் தேய்த்தாள். பளிச்சென்று இரும்பு தெரிந்தது. வளையத்தை முடுக்கி மறுபடி இன்ஜினை ஓடவிட்டதும் பேட்டரியில் மீட்டர் பதினாலைத் தொட்டது.

கம்பெனியிலிருந்து லோகேஷுக்குப் போன் வந்தது. "வந்துகினே கீறேன் சார். இனிமே நிக்காது" என்றான்.

ஒரகடம் ரோட்டில் போகும்போது எதிரே கார்கள் வரிசையாக வந்தன. காவேரி தன் விரல்களைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.