கொடிமரத்தில் மஞ்சள் விரிப்பு

பழைய துறைமுகத் தெருவில் அவளைக் கஞ்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. அந்த விறைப்பு பேச்சிலும் ஏறிவிட்டது என்பது வாட்ச்மேனின் கண்டுபிடிப்பு.

ஓட்டலைப் புதிதாக யாரும் கட்டிவிடவில்லை. துறைமுகத்தை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து வாடகைக்கு விடுகிறார்கள், அவ்வளவுதான். ஆள் உயர ஜன்னல்கள், கோட்டை மாதிரிச் சுவர்கள், மொட்டை மாடியில் கப்பல்களுக்குச் சேதி சொன்ன கொடிமரம். இப்போது எந்தக் கப்பலும் இங்கே நிற்பதில்லை. தூரத்திலேயே கடந்து போய்விடுகின்றன.

அப்படி ஒரு கப்பலில் அவள் புருஷன் சமையல்காரர். போய் இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும், "வந்துடட்டுமா?" என்று கேட்பார். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க வேலையப் பாருங்க" என்பாள். போனை வைத்தபிறகு அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அவர் குரலில் குதூகலம். "நாளைக்குக் காலைல நம்ம ஊரைத் தாண்டித்தான் போறோம். மாடில நில்லு. பைனாகுலர் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்."

மறுநாள் மாடி முழுக்க வெள்ளை விரிப்புகள் காய்ந்தன. இதற்கு நடுவில் ஒருத்தியை எப்படிக் கண்டுபிடிப்பார்? பளிச்சென்று தெரியட்டும் என்று ஒரு மஞ்சள் விரிப்பை எடுத்துக் கொடிமரத்தில் ஏற்றிக் கட்டினாள். கப்பல் வந்ததும் இரண்டு கையையும் ஆட்டினாள். "என்னங்க, இங்க பாருங்க!" என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல் கத்தினாள். கப்பல் மறையும்வரை கையை இறக்கவில்லை.

உடனே போன் அடித்தது.

"அடியே, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஏங்க?"

"அந்த மரத்துல மஞ்சத்துணி ஏறினா ஊருக்குள்ள தொத்துநோய்னு அந்தக் காலத்து வழக்கம். இந்தப் பக்கத்துக் கப்பல்காரங்க எல்லாருக்கும் தெரியும்டி! பார்த்ததும் கை உதறிடுச்சு. பைனாகுலரே நிக்கல. உன்னைப் பாக்கவே இல்ல."

போயும் போயும் அந்த நிறமா கைக்குக் கிடைத்தது! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த மரத்தை நட்ட வெள்ளைக்காரனை வாயார வைதாள்.

"அவனை விடு. உடம்பு யாருக்குன்னு சொல்லு."

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குத்தாங்க. இனிமே என்னால முடியல. வந்துடுங்க."