ரீத்தம்மா பக்கத்துப் பெட்டி

ஸ்பீக்கர் பெட்டி பழுது பார்க்கிறவனுக்கு முதல் எதிரி வாடிக்கையாளரின் காது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் க்ராஸ்ஓவர் என்று ஒரு சின்னப் பலகை உண்டு. தடித்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய கூர்மையான சத்தத்தை ட்வீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதில் ஒரு உருப்படியை மாற்றினாலும் பாட்டின் முகமே மாறிவிடும். திண்டுக்கல்லில் கடை போட்ட நாளிலிருந்து அந்த முகத்தோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

வழி மறித்தவன்

நத்தம் பாண்டி திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிறவர். மாதம் தவறாமல் கருகிப்போன ட்வீட்டரோடு வந்து நிற்பார். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று திட்டுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், பெட்டியையே கொண்டு வாருங்கள் என்றேன். திறந்து பார்த்தால் தடித்த சத்தம் ட்வீட்டருக்குள் போகாமல் காவல் நிற்க வேண்டிய கெப்பாசிட்டரைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கம்பியை முறுக்கி வைத்திருந்தார். தவில் அடி முழுக்க அந்தக் குட்டி ஸ்பீக்கரின் தலையில் விழுந்திருக்கிறது, பாவம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

“அது சும்மா வழிய மறிச்சுக்கிட்டு இருந்துச்சுண்ணே. சத்தம் போகட்டும்னு எடுத்துவிட்டேன்.”

இன்னும் கொஞ்சம்

சேவியர் சார் ரிட்டையர்டு வாத்தியார். எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளின் பாடகர் குழுவை நடத்துகிறார். பயிற்சியை செல்போனில் பதிவு செய்து, வீட்டிலுள்ள பழைய ஜோடிப் பெட்டிகளில் போட்டுக் கேட்டு, எங்கே பிசகுகிறது என்று பிடிப்பார். பாட்டு போர்வை போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருந்தன. புதிது போட்டதும் எனக்குப் பளிச்சென்று கேட்டது.

சாருக்குப் போதவில்லை. ட்வீட்டரை அடக்கி வைக்கிற ரெசிஸ்டரைக் குறைத்துக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார், மறுபடியும் குறைத்தேன். என் காதில் ஊசி ஏறுகிற மாதிரி இருந்தது. சார் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

“இன்னும் கொஞ்சம் ஏத்துங்க தம்பி. புள்ளைக பாடுதுக, ஆனா மூச்சே விட மாட்டேங்குதுக.”

ஒரே ஒரு பெட்டி

அடுத்து வந்தது சாரின் மனைவி ரீத்தம்மா. ஆட்டோவில், ஒரே ஒரு பெட்டியோடு. வீட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு பெட்டி. தன் பக்கத்துப் பெட்டியை மட்டும் பழையபடி ஆக்கித் தரவேண்டும், தலைவலி தாங்கவில்லை என்றார். சார் பக்கத்துப் பெட்டியைத் தொட வேண்டாம், சாரிடம் சொல்லவும் வேண்டாம்.

பழுது பெட்டியில் இல்லையே அம்மா என்று மெல்ல இழுத்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் செல்போன் கூவினாலும் சார் திரும்புவதில்லையாம். காது மங்குவது தெரிந்தால், கிறிஸ்துமஸ் வரைகூட இருக்க மாட்டார், அன்றைக்கே குழுவை விட்டு விலகிவிடுவார் என்று பயந்தார். நான் பழைய ரெசிஸ்டரைத் தேடி எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். எழுந்திருக்கும்போது சொன்னார்:

“அவரு காது போனா நான் இருக்கேன் தம்பி. புள்ளைக போயிட்டா நான் மட்டும் போதாது.”

செத்துப்போன ட்வீட்டர்

ரீத்தம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், சார் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். உடனே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ட்வீட்டர் செத்துப்போச்சு என்று கடைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ரீத்தம்மாவும் காய்கறிப் பையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அன்றைக்கென்று பார்த்து நத்தம் பாண்டியும் கடையில் இருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பிள்ளைகளின் பாட்டைப் போட்டேன். சார் ட்வீட்டரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். பாண்டிக்கு என்ன தெரியும்? நல்லா பளிச்சுன்னு பாடுதே சார் என்றுவிட்டார்.

சார் பாண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். ரீத்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முடிந்தது.

பிறகு சார் அதே பாட்டை மறுபடி போடச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பிள்ளைகள் மூச்சு இழுப்பது உனக்குக் கேட்கிறதா என்று மனைவியிடம் கேட்டார். கேட்கிறது, ஒரு பிள்ளை மட்டும் எப்போதும் முந்தி இழுக்கிறாள் என்று ரீத்தம்மா அழுதுகொண்டே சொன்னார். சார் சிரித்துவிட்டார். அது யார் என்று அவருக்குத் தெரியும், பல மாதமாக அவளைக் காதால் பிடிக்க முடியாமல்தான் தவித்திருக்கிறார். சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு மனைவியை உட்கார வைத்துச் சொன்னார்:

“நாளையிலருந்து பயிற்சிக்கு நீயும் வா ரீத்தா. எம் பக்கத்துல நில்லு. புள்ளைக மூச்சு இழுக்குறப்ப என் கையை லேசா அமுக்கு, மத்தத நான் பாத்துக்கிறேன்.”

அந்த ஜோடிப் பெட்டிகள் இன்றைக்கும் ஆளுக்கொரு மாதிரிதான் பாடுகின்றன, தொழில் தெரிந்தவன் எவன் கேட்டாலும் என்னைத்தான் திட்டுவான்.