கவிழ்க்காத சிலிப்பர்

திரையில் பனிவண்டி இழுக்கும் நாய்கள் ஊளையிட்டதும் என் வகுப்பில் பாதிப் பேர் குனிந்து, சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்கள். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி, நான்காம் ஆண்டு, காலை முதல் பாடம். பனி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "ஐஸ் கச்சாங்குக்குத் துருவுற ஐஸ் டீச்சர், சிரப் ஊத்தாதது" என்று பதில் சொன்ன வகுப்பு அது.

"அடேய், என்ன கூத்து இது? சப்பாத்த போடுங்க!" என்று கத்தினேன்.

"நாய் ஊளை விட்டா கவுத்து வெக்கணும் டீச்சர். இல்லன்னா வீட்ல யாராச்சும் செத்துருவாங்க," என்று முன்வரிசைப் பையன் எனக்கே விளக்கினான்.

எனக்கா தெரியாது? என் அம்மா வீட்டில், பக்கத்து வீட்டு நாய் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தாலே வாசலில் கிடக்கும் அத்தனை செருப்பும் தலைகீழாகிவிடும். கல்யாணமாகி வந்த வீட்டிலும் நான் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். படித்து என்ன கிழித்தேன் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாய்கள் பனிவண்டி இழுக்கும் பந்தயத்தை நான் வகுப்புக்குக் கொண்டுவந்ததே வகுத்தல் கணக்குக்காக. வகுத்தல் என்றாலே பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிடும். பன்னிரண்டு நாய்க்கு இத்தனை கிலோ இறைச்சி, ஒரு நாய்க்கு எவ்வளவு என்று கேட்டால் அதே கணக்கைச் சண்டை போட்டுக்கொண்டு செய்தார்கள். சுவரில் பாதையை வரைந்தோம். முன்னால் ஓடும் நாய் பேசுவதாகக் கட்டுரை எழுதச் சொன்னேன். கடைசியில் திடலில் நிஜப் பந்தயம். பனிக்கு எங்கே போவது? பாக்கு மட்டையில் ஒருவர் உட்கார, மற்றவர்கள் நாய்களாகி இழுக்க வேண்டியதுதான்.

ஜன்னலோரத்தில் ஒருத்தி மட்டும் சப்பாத்தைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓய்வு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அவள் அப்பா கேரி தீவிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் துக்கம் கேட்க ஆசிரியர்கள் எல்லாரும் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம்.

"என்னம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா சொன்னாரு டீச்சர், நாய் ஊளை விடுது, போய் சிலிப்பர கவுத்து வெச்சிட்டு வாம்மான்னு. நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். வெச்சிட்டேன்பான்னு பொய் சொல்லிட்டேன்." மேசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் சிலிப்பர கவுக்கல. அதான் மறுநாள் லோரி கவுந்துருச்சு."

ஒரு வருடமாக இந்தச் சுமையை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம்.

நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதற்கு ஊளையிடும், அந்தப் பனிநாய்கள் ஓட ஆசைப்பட்டுக் கத்துகின்றன, சிலிப்பருக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று எல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்க கவுக்க மாட்டீங்களா டீச்சர்?"

"இனிமே மாட்டேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றிலிருந்து தினமும் காலையில் வகுப்பு வாசலில் நிற்பாள். "நேத்து நாய் ஊளை விட்டுச்சா டீச்சர்? கவுத்தீங்களா? அங்கிள் நல்லா இருக்காரா?" என் வீட்டுக்காரருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்வருபவர். என் தாலியைக் கழற்றி அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. அவர் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் தொடங்கியது. சாதாரணக் குரைப்பு இல்லை, இழுத்து இழுத்து, அழுவது போல. வாசலில் அவருடைய சிலிப்பர் கிடந்தது. குனிந்துவிட்டேன். கை வாரைத் தொட்டுவிட்டது.

கவிழ்த்து, அவரும் வந்துவிட்டால், சிலிப்பர்தான் காப்பாற்றியது என்று நானே நம்பிவிடுவேன். அதை என் முகத்தில் அந்தப் பிள்ளை படித்துவிடுவாள். கவிழ்க்காமல், அவர் வராமலே போனால்? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. "சனியனே, வாய மூடித் தொல!" என்று மதிலைப் பார்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். சிலிப்பரை அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நாய் நிறுத்தவே இல்லை.

தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். "பெட்டாலிங் ஜெயா கிட்ட ஒரே ஜாம்லா. ஏன் வெளிய உக்காந்திருக்க?" என்றார். எழுந்துபோய் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். "ஏய், பைத்தியமா உனக்கு?" என்று சிரித்தார்.

மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரொம்ப நேரம் ஊளை விட்டுச்சா?"

"ரொம்ப நேரம்."

"நீங்க கவுக்கல?"

"கவுக்கல."

"அங்கிள் வந்துட்டாரா?"

"வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாரு."

சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் முகம் கோணியது. "அப்போ அப்பா சும்மாவே செத்துட்டாரா டீச்சர்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பாத்திரம் கழுவும்போது வரும், சிவப்பு விளக்கில் நிற்கும்போது வரும். அன்று, "ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? என் சேலையில் முகத்தைப் புதைத்து அப்படி அழுதாள்.

பந்தய நாளன்று பெற்றோர்கள் கூடாரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நாய்கள் கிளம்புமுன் ஊளையிட வேண்டும் என்று பிள்ளைகளே சட்டம் போட்டிருந்தார்கள். அவள் தன் குழுவில் முன்னால் ஓடும் நாய். இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. எல்லாரும் விளையாட்டாக ஊளையிட்டு நிறுத்திய பிறகும் அவள் குரல் மட்டும் நிற்கவில்லை. கூடாரத்தில் பேச்சு அடங்கியது. அவள் அம்மா மெல்லக் குனிந்து தன் சிலிப்பரைக் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

ஊளையை நிறுத்தினாள். கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு நேரே கூடாரத்துக்கு நடந்தாள். அம்மாவின் காலடியில் மண்டியிட்டு, சிலிப்பர் இரண்டையும் நிமிர்த்தி வைத்தாள். "வேணாம்மா," என்றாள். "அது ஒன்னும் செய்யாது." பிறகு ஓடிவந்து, கயிற்றைக் கட்டிவிடச் சொல்லி என்னிடம் முதுகைக் காட்டி நின்றாள்.