வரிசையின் கடைசியில் நடந்தவர்

செய்தி வந்தபோது நான் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டு மேசையில் இலக்க அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் உல்லாசக் கப்பலில் இருந்து நாற்பது பேர் கண்டி பார்க்க வருகிறார்கள். அவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டைகள் அவை. இந்தப் பயணங்களை என்னோடு சேர்ந்து நடத்தும் சகுந்தலாவின் மகள் கவிதா அழைத்தாள். "நிஸாம் மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் நெஞ்சுவலி என்று பேராதனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், பகல் தாண்டவில்லை. முந்தின நாள் பின்னேரம்தான் தொலைபேசியில் என்னோடு ஒரு மணி நேரம் சண்டை பிடித்தவர். கண்டி வழியிலுள்ள கடுகண்ணாவையில் பஸ்ஸைப் போகும்போதே நிறுத்த வேண்டும் என்றார் அவர். திரும்பும்போது நிறுத்தலாம் என்றேன் நான். சண்டை முடியாமலே போனை வைத்தோம்.

அழுது எழுத எனக்குத் தெரியாது. சகுந்தலாவைப் பற்றி வாய் திறந்தாலே எனக்குக் குஷி வந்துவிடும். இன்றைக்கும் வருகிறது, என்ன செய்ய! அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். கண்டியில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தபோது, தங்க வந்த யப்பானியரிடமே அவர்கள் மொழியைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அதை வைத்தே கப்பல் ஏறியவர். கப்பல் தரிக்கும் ஊர்களில் பயணிகளைக் கரைக்கு இறக்கி ஊர் காட்டும் பிரிவில் அவரும் நானும் ஏழு வருடம் ஒன்றாக வேலை செய்தோம்.

நான் கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பேன். அவர் கடைசி ஆளுக்கும் பின்னால் வருவார். மொழி தெரிந்தவர் ஏன் பின்னால் நிற்கிறார் என்று எனக்கு முதலில் எரிச்சல். கேட்டே விட்டேன்.

"முன்னால போறவருக்கு ஊரு தெரியும் நானா. பின்னால வாறவங்களுக்குத்தான் ஆளுங்களத் தெரியும்" என்றார். எங்கள் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார். "யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு வீட்டு நெனப்பு, எல்லாம் முதுகுல எழுதியிருக்கும்."

பஸ் புறப்படும்போது கடைசி ஆசனத்தில் இருந்து அவர் குரல் வரும்: "நானா, எண்ணிக்கை சரியா?" நான் எண்ணி, சரி என்று சொன்ன பிறகுதான் சாரதி பிரேக்கை எடுப்பார். எந்த நாட்டுச் சாரதியும் இரண்டே நாளில் இதற்குப் பழகிவிடுவார்.

யப்பானின் வடக்கே ஓகா என்ற இடத்தில் மலையேறிப் போகும் கற்படிகள் உண்டு. ஒரே இரவில் ஆயிரம் படி கட்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு பெண்ணைத் தருகிறோம் என்று ஊரார் பூதங்களிடம் பந்தயம் கட்டினார்களாம். தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முடிந்ததும் ஒருவன் சேவல் போலக் கூவ, விடிந்துவிட்டதென்று பூதங்கள் ஓடிவிட்டன. சகுந்தலா இந்தக் கதையைக் கேட்ட அன்று பார்க்க வேண்டும்! படியில் நின்று துள்ளாத குறை.

"நானா, நம்ம ஊர்லயும் கல்லுக்கு ஒரு கதை, மலைக்கு ஒரு கதை இருக்கே! மலையைத் துளைச்சு வாறவனுக்குத்தான் கண்டி பணியும்னு சொன்னாங்களாம். வெள்ளக்காரன் கடுகண்ணாவப் பாறையில ஓட்ட போட்டே வந்துட்டான். இத எந்த பஸ்ல சொல்றாங்க? தலதா மாளிகையக் காட்டி, மிளகுத் தோட்டத்தக் காட்டித் திருப்பி அனுப்பிடுறோமே!"

அதே ஊரில் பூத முகமூடியும் வைக்கோல் மேலாடையும் போட்ட ஆட்கள் வீடு புகுந்து, "இங்கே சோம்பேறி உண்டா? அழுகிற பிள்ளை உண்டா?" என்று உறுமுவார்கள். அந்த மேலாடையில் இருந்து உதிரும் வைக்கோல் அதிர்ஷ்டமாம். என் உம்மாவுக்குக் கொண்டுபோகலாம் என்று நான் என்ன செய்தேன், கிட்ட வந்த பூதத்தின் தோளில் இருந்து ஒரு பிடியைப் பிய்த்துவிட்டேன்! பூதம் உறுமலை மறந்து, முகமூடியைத் தூக்கி, கவலையோடு ஏதோ சொன்னது. சகுந்தலா சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தபடி மொழிபெயர்த்தார்: "பிச்சு எடுத்தா அது வெறும் வைக்கோல்தானாம் நானா. தானா விழுந்தாத்தான் வரமாம்."

மூன்று வருடத்துக்கு முன் இருவரும் கப்பலை விட்டு இறங்கினோம். கவிதா பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். தாயை அவள் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான். கண்டியில் கதைகளைக் காட்டும் ஒரு பயணத்தை நாங்களே நடத்துவதாகப் பழைய கப்பல் கம்பனிக்கு எழுதினோம். ஒரு நாள் நடத்திக் காட்டுங்கள், பிடித்தால் பட்டியலில் போடுகிறோம் என்றார்கள். "இது பிழைச்சா நான் மறுபடி கப்பல் ஏறணும் நானா" என்றார் சகுந்தலா.

அந்த அவசரத்தில் அவர் ஒரு பிழை விட்டார். தன் தோட்டத்துக் காமன் கூத்தைக் காட்டுவதாகக் கம்பனிக்கு எழுதிவிட்டார். கப்பல் வருவதோ மார்கழியில். காமன் கூத்து மாசியில், கம்பம் ஊன்றி விரதம் இருந்து ஆடுவது. கூத்து வாத்தியார் முத்துசாமி ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "காமன் ஊன்றாம சலங்கை கட்ட மாட்டோம் தாயி. கப்பல்காரங்களுக்காக ரதி அழுவாளா?"

தோட்டத் தலைவரைப் பிடிக்கலாம், கோயில் கமிட்டியைப் பிடிக்கலாம் என்று நான் நூறு யோசனை சொன்னேன். சகுந்தலா தலையை ஆட்டினார். "நான் எழுதினதுதான் பிழை. பிச்சு எடுக்காதீங்க நானா."

கப்பல் வந்த அன்று நாற்பது பேர் லயத்து முற்றத்தில் கதிரைகளில் இருந்தார்கள். கம்பனி அதிகாரி குறிப்புப் புத்தகத்தோடு ஓரத்தில். சகுந்தலா முன்னால் வந்து ஒளிக்காமல் சொன்னார்: இன்று கூத்து இல்லை, இது அதன் மாதம் இல்லை, நான் தவறாக எழுதிவிட்டேன், கதையை மட்டும் சொல்கிறேன். அதிகாரி பேனாவை மூடியதை நான் பார்த்தேன்.

சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்த இடம் வரை கதை வந்தது. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த ஒரு தோட்டத்துப் பெண் குறுக்கே விழுந்தார்: "அக்கா, காமன் திரும்பி வந்தாருல்ல, அதையும் சொல்லுங்க! ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவாரு."

"கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதுமா? வெறகு பொறுக்க யாரு வருவா?" என்றார் இன்னொருவர்.

"அவரு வரவே இல்லடி. அவ அழுதது மட்டுந்தான் நெசம்" என்றார் மூன்றாமவர்.

பிடித்துக்கொண்டது பாருங்கள்! பத்துப் பெண்கள் இரண்டு கட்சி. சகுந்தலா அங்கும் இங்கும் ஓடி ஓடி ஒவ்வொரு அடியையும் மொழிபெயர்க்க, பயணிகளும் கட்சி பிரிந்தார்கள். கணவரை இழந்த ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து நின்று, "வந்தார், நிச்சயம் வந்தார்" என்று கத்தினார்.

லயத்துக் கதவு திறந்தது. "ஆளாளுக்குப் பிழையாச் சொல்லாதீங்க" என்று முத்துசாமி ஐயா வெளியே வந்தார். சலங்கை இல்லை, வேசம் இல்லை. ஒரு கதிரையில் இருந்துகொண்டு ரதி புலம்பும் பாட்டைப் பாடினார். பாடிவிட்டு, "ஆடலை. எப்பிடின்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அதிகாரியின் பேனா எப்போதோ திறந்திருந்தது.

சகுந்தலா என்னைப் பார்த்தார். "விழுந்துருச்சு நானா" என்றார். கம்பனி எங்களைப் பட்டியலில் போட்டது. அவர் மறுபடி கப்பல் ஏறவில்லை. மூன்று வருடம் மகள் தாய் கையால் சோறு சாப்பிட்டாள்.

நேற்று அந்த முற்றத்தில் இருந்துதான் அவரை எடுத்தார்கள். வழக்கமான பஸ் சாரதி வந்திருந்தார். முத்துசாமி ஐயா தப்புப் பறையோடு வந்திருந்தார். இதற்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. வரிசை தானாக அமைந்தது. கவிதாவின் பின்னால் ஊரெல்லாம் போக, நான் கால் ஓடாமல் கடைசி ஆளுக்கும் பின்னால் வந்து சேர்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரிந்தது. அவர் சொன்னது சரிதான், எல்லாம் எழுதியிருந்தது. தூரத்தில், எல்லோருக்கும் முன்னால், பூப்பல்லக்கில் அவர் போய்க்கொண்டிருந்தார். பத்து வருடப் பழக்கத்தில் அவரை நான் வரிசையின் முன்னால் பார்த்ததே இல்லை.

சண்டையில் நீங்களே வென்றீர்கள், சகுந்தலா. கடுகண்ணாவையில் போகும்போதே நிறுத்துகிறேன். எண்ணிப் பார்த்துவிட்டேன், தங்கச்சி, எண்ணிக்கை சரி. பின்னுக்கு நான் வாறன். நீங்க முன்னுக்குப் போங்க.